சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்

என் முகத்தின் இடது பக்கம் என்னை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியளவில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்). அப்போது நான் இன்னொரு பெண்ணின் முகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுப் பெரியவள் ராக்கம்மா கொடுத்த பிளேன்டீயை (பால் சேர்க்காத தேநீர்) ஒரு மிடறு குடித்தேன். அது தொண்டைக்குப் போகாமல் வாயின் இடது ஓரத்தால் வழிந்து, தாடையில் இறங்கி, மடியில் இருந்த படிவத்தின் மேல் விழுந்தது. சூட்டில் உதடு மரத்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது மிடறு குடித்தேன். அதுவும் அதே வழியில் போனது. மூன்றாவது மிடறைக் குடித்தது மரியாதைக்காக. லயத்தில் கொடுக்கும் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால், அந்த லயத்தில் நம் வேலை அன்றோடு முடிந்தது.

என் பெயர் லோகேஸ்வரி. வயது நாற்பத்தாறு. தலவாக்கலையில் வீடு. தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாகச் சமூகப் பணியாளர். எனக்கு வந்த நோய் வந்து, இப்போது கண்ணாடி முன் நின்று பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. முகமும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. அது வெளியூர் போயிருந்த நாட்களில் நடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

அன்று நான் போனது ராக்கம்மாவின் மருமகள் செல்வியைப் பார்க்க. செல்விக்கு இருபத்துநான்கு வயது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். மகள் பவித்ரா பிறந்த இரண்டாவது வாரம் செல்விக்குப் பிரசவத்துக்குப் பிந்திய மனநோய் (குழந்தை பிறந்த சில நாட்களில் தாய்க்கு வரும் கடுமையான மனக்குழப்பம், சிகிச்சையால் குணமாகக்கூடியது) வந்தது. வார்டில் இருந்து, தேறி, வீட்டுக்கு வந்து மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பவித்ராவுக்கு இப்போது ஏழு மாதம்.

தோட்டத்திலிருந்து யாரோ ஒரு முறைப்பாடு அனுப்பியிருந்தார்கள். தாய் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைக்கு ஆபத்து என்று. பிள்ளை வீட்டில் இருப்பதா, சிறுவர் இல்லத்துக்குப் போவதா என்பதை நன்னடத்தை அலுவலர் (பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளின் விடயத்தைப் பார்க்கும் அரச அதிகாரி) முடிவெடுக்க வேண்டும். அதற்கான வீட்டு அறிக்கை என் பொறுப்பு.

எங்கள் படிவத்தில் 'முகபாவம்' என்று ஒரு கட்டம் உண்டு. செல்வி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளையடித்த சுவர். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கமாட்டீர்களா என்று கேட்டேன். சிரிக்கிறேன் மிஸ் என்றாள், அதே சுவரோடு. நான் எழுதினேன்: 'தாய் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கேட்டபோது, தான் சிரிப்பதாகக் கூறுகிறார். தன் நிலை பற்றிய உணர்வு அவருக்கு இல்லை.'

கடைசி வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் தேநீரை எடுத்தேன்.

படிவத்தில் தேநீர் விழுந்ததை என்னைவிட முதலில் கண்டது செல்வி. பிள்ளையின் துணியொன்றை எடுத்து என் கையில் வைத்தாள். அதை நான் எழுதவில்லை. ராக்கம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கொழுந்தில் முற்றிய இலை கிடப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"மிஸ், உங்க வாயி ஒரு பக்கமா போவுதுங்க."

தலவாக்கலையில் என் கணவர் தனபால் ஒரு சிறிய போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இருபத்தைந்து வருடமாக ஊராரின் முகங்களை அடையாள அட்டை அளவுக்குள் அடக்கிவருகிறவர். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கு போனேன். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, முகத்தைக் கொஞ்சம் நேராக வைக்கச் சொன்னார். நேராகத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கடையின் ஷட்டரை இழுத்து மூடினார். பகலில் அவர் ஷட்டரை மூடி நான் கண்டதில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எங்கள் இருவர் மனதிலும் இருந்த சொல் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம் அவர் என் இடது கையை அமுக்கி, உணர்வு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இருந்தது. இறங்கும்போது அந்தக் கை வலித்தது.

வெளிநோயாளர் பிரிவில் ஓர் இளம் வைத்தியர் என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். காதுக்குள் பார்த்தார். காதின் பின்புறம் இரண்டு நாளாக வலித்ததா என்று கேட்டார். வலித்தது, பஸ் ஜன்னல் குளிர் என்று நினைத்திருந்தேன். புருவத்தைத் தூக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். கன்னத்தை ஊதச் சொன்னார். எல்லாவற்றிலும் என் வலது பக்கம் மட்டும் பரீட்சை எழுதியது. இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து, விசில் அடிக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பொம்பளைப் பிள்ளை விசிலடிப்பது களவெடுப்பதற்கு அடுத்த குற்றம். நாற்பத்தாறு வயதில், திரைக்கு வெளியே ஒரு நீண்ட வரிசை காத்திருக்க, அரசாங்கச் செலவில் அந்தக் குற்றத்தைச் செய்ய முயன்றேன். பஞ்சரான டயரின் சத்தம் வந்தது. மறுபடியும் முயலச் சொன்னார். அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து நீளமான, அழகான ஒரு விசில் எழுந்தது. என் கணவர். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார்.

நோயாளி மட்டும் அடித்தால் போதும் என்று வைத்தியர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு வந்திருந்தது பெல்ஸ் பால்சி என்கிற முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் வீங்கி, நசுங்கிச் செயலிழப்பது). பக்கவாதம் என்றால் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்குமாம். எனக்கு நெற்றியின் இடது பாதியும் சுருங்கவில்லை. அது நல்ல செய்தி என்றார். என் நெற்றியைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதை வைத்தியரிடம் விட்டுவிட்டு, நீங்கள் செய்ய வேண்டியது அன்றைக்கே போய்ச் சேருவது. மாத்திரையை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன்.

பிரட்னிசொலோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை) பத்து நாளைக்கு. இடது கண் மூடாததால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து. தூங்கும்போது கண்ணை மூடி ஒட்டுவதற்கு ஒரு டேப். மூன்று வாரத்திலும் அசையத் தொடங்கலாம், மூன்று மாதமும் ஆகலாம், பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும் என்றார். என் வேலையில் நானும் ஆயிரம் தடவை 'பெரும்பாலானவர்களுக்கு' என்று சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர் அந்தச் சொல்லின் மிச்சப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார் என்பது அன்றுதான் தெரிந்தது.

மருந்து வாங்கும் வரிசையில் இன்னொரு விடயமும் தெரிந்தது. கண் சிமிட்டும்போதெல்லாம் என் வலது கண் மட்டும் மூடியது. அதாவது நான் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் எதிரில் இருப்பவருக்குக் கண்ணடித்தேன். முன்னால் நின்ற ஒரு பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். பிறகு வரிசையை விட்டே போய்விட்டார்.

ஸ்டீரொயிட் பசியைக் கிளப்பும் என்று சொன்னார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. நாக்கின் இடது பக்கம் ருசி போயிருந்தது. பாதி ருசிதான் என்பதால் இரண்டு மடங்கு சாப்பிடுவது நியாயம் என்று எனக்குப் பட்டது. ரொட்டியும் சம்பலும் அடுப்பிலிருந்து தட்டுக்கு வரும் முன்பே முடிந்தன. இடது காதுக்கு எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. ஸ்டேஷனில் ரயில் கூவினால், நான் வீட்டில் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஊரில் மூன்று கருத்துகள் இருந்தன. காத்து பட்டிருக்கிறது என்பது ஒன்று. ஏதோ அறைந்திருக்கிறது என்பது இன்னொன்று. தனபால் அடித்திருக்கிறார் என்பது மூன்றாவது. மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம். கடைத்தெருவில் அவரைப் பார்க்கிற பார்வை மாறியது. சில வருடங்களுக்கு முன் என் உதவியால் அடிக்கிற புருஷனிடமிருந்து மீண்ட ஒரு பெண், பிஸ்கட் பெட்டியோடு வந்து, கதவைச் சாத்தி, என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாம சொல்லுங்க மிஸ். எழுதிக்கவெல்லாம் மாட்டேன். சும்மா கேக்குறேன்."

என்னுடைய அதே வார்த்தைகள். அதே குரல். இது நரம்பு நோய், அவர் தங்கமான மனிதர் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். எல்லாப் பெண்களும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

முன்னேற்றத்தைக் கணக்கு வைக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படம் எடுப்பது என்று கணவர் முடிவு செய்தார். முதல் ஞாயிறு படத்தை நான் பார்க்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஸ்டூலில் உட்கார்ந்தேன். விளக்கைச் சரி பண்ணினார். கமெராவுக்குப் பின்னால் போனார். எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"சிரி."

சிரித்தேன். அவர் படம் எடுக்கவில்லை.

"சிரி லோகா. கொஞ்சம்தான்."

"சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். கேட்டது மட்டுமா, அதற்குக் கீழே தீர்ப்பும் எழுதியிருக்கிறேன். தன் நிலை பற்றிய உணர்வு அவருக்கு இல்லை. என் கணவர் கமெராவை விட்டு வந்து, அழுகிறாயா என்று கேட்டார். மூடாத கண்ணிலிருந்து எப்போதும் நீர் வடிந்ததால், அந்த நாட்களில் அதற்கு எனக்கே விடை தெரியாது.

எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் பரமேஸ்வரன் சேர் (சார்). ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர். கோப்பில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை. திங்கட்கிழமை அவருக்குப் போன் எடுத்தேன். உதடு சேராமல் 'ப'வும் 'ம'வும் சொல்ல முடியாது என்பதை, 'பரமேஸ்வரன்' என்று தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன். காற்றாக வந்தது. செல்வியின் அறிக்கையை அனுப்பாதீர்கள் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்தது 'அனுப்பியாச்சா' என்று. அனுப்பியாச்சு, கவலைப்படாமல் ரெஸ்ட் எடுங்கள் என்று அன்பாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் விடுப்பில் இருப்பதால், விடுப்புக் கடிதத்தோடு நான் கொடுத்தனுப்பியிருந்த, தேநீர்க் கறை படிந்த அந்த வரைவையே சுத்தமாகத் தட்டச்சு செய்து வெள்ளிக்கிழமையே அனுப்பியிருந்தார். கூட்டத்துக்கு அடுத்த வியாழன் குறித்தாயிற்று.

முகத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். என்ன தவறு நடந்தது என்று எழுதிக் காட்டினேன். அவர் முழுவதும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"லோகா, நீங்க இப்ப செல்விய பாக்கல. கண்ணாடிய பாக்குறீங்க."

கோபம் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். முதல் அறிக்கையில் நான் அவள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதினேன். இப்போது என் முகத்தைப் பார்த்து இன்னொன்றை எழுத வந்திருந்தேன். நடுவில் ஒரு ஏழு மாதப் பிள்ளை இருந்தது. செல்விக்காக நான் பாவப்படுவது பிள்ளையைக் காப்பாற்றாது. அவளுக்கு உண்மையிலேயே நோய் திரும்பியிருந்தால், என் பச்சாதாபம்தான் அந்த வீட்டில் பெரிய ஆபத்து.

எழுதிக் காட்டினேன்: 'அப்படியானால் நீங்களும் வாருங்கள், சேர். உங்கள் முகம் நன்றாகத்தானே இருக்கிறது.'

மறுநாள் இருவரும் ஓர் ஆட்டோவில் டயகமவுக்குப் போனோம். தோட்டத்துக்குள் போக ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். சின்னத்துரை (உதவி முகாமையாளர்) புதிதாக வந்த இளைஞர். சேர் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று இமைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் இமைத்தேன். சேர் சொல்வதற்குப் பின்னால் ஏதோ இரகசியம் இருக்கிறது, அதை நான் சாடையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. குரலைத் தாழ்த்தி, விளங்குகிறது மிஸ் என்றார். அனுமதி கிடைத்தது. மருமகளைக் கிளினிக் கூட்டிப்போக ராக்கம்மாவுக்கு மாதம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று நாங்கள் இரண்டு தடவை கேட்டும் மறுத்திருந்தார்கள். அதுவும் அன்று கிடைத்தது.

வெளியே வந்ததும், ஏமாற்றி வாங்கியது செல்லாது என்றார் சேர். என் நோயைப் பற்றி விளக்கி அன்றே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது: விளங்குகிறது, அனுமதியும் விடுப்பும் அப்படியே இருக்கட்டும்.

செல்வியின் காம்பராவில் (லயத்து அறை) நான் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். என் உச்சரிப்பில் பாதி காற்றுதான். விட்ட இடங்களைச் சேர் நிரப்பினார். செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் சிரிச்சிக்கிட்டுத்தான் மிஸ் இருந்தேன். மொகம்தான் வர மாட்டேங்குது."

மாத்திரை தொடங்கியதிலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கையும் இறுகியிருக்கிறது, நடக்கும்போது கால் பிடிக்கிறது. வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னா மறுபடி வார்டுல போட்டுருவாங்க மிஸ். அப்பறம் புள்ளைய யாரு குடுப்பா?"

பதினெட்டு வருட அனுபவம் உள்ள நான், மருந்து ஒழுங்காக எடுக்கிறாளா என்று படிவத்தில் டிக் போட்டிருந்தேன். மருந்து அவளை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

சேர் கேட்கவேண்டிய கடினமான கேள்விகளையெல்லாம் கேட்டார். குரல்கள் கேட்கிறதா, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்ற பயம் வருகிறதா, தூங்குகிறாளா, மனசு சரியில்லாத நாளில் என்ன செய்வாள். செல்வி ஒவ்வொன்றுக்கும் மெதுவாக, முகமில்லாமல், தெளிவாகப் பதில் சொன்னாள். அப்படி ஒரு நாள் வந்தால் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விடும் இடம்) கொடுத்துவிட்டு அங்கேயே வாசலில் உட்கார்ந்திருப்பாளாம். அங்கே விசாரித்தோம். உண்மை.

அப்போது சேலைத் தொட்டிலில் பவித்ரா அசைந்தாள். அழவில்லை, சேலை ஒரு தரம் இழுபட்டது, அவ்வளவுதான். செல்வி அதற்குள் எழுந்துவிட்டாள். கஞ்சியை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். தொட்டிலுக்குள் குனிந்து நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டாள். உள்ளேயிருந்து எச்சில் தெறிக்க ஒரு 'டொக்' பதிலாக வந்தது. மறுபடி இவள். மறுபடி அது. பிறகு பிள்ளை ஈறு தெரியச் சிரித்தது, அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து.

சேர் எழுதிக்கொண்டிருந்தார். தாமும் சோதித்துப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, தொட்டிலருகே போய் முகம் முழுக்கச் சிரித்தார். நரம்பில் ஒரு குறையும் இல்லாத சிரிப்பு. பவித்ரா வீரிட்டு அலறினாள். செல்வி வந்து 'டொக்' போட்டபிறகுதான் அடங்கினாள்.

அதையும் எழுதுங்கள் என்று சைகை காட்டினேன். எழுதினார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ராக்கம்மா, நாங்கள் எதை விசாரிக்கிறோம் என்பதைக் கேட்டு இடுப்பில் கை வைத்தார்.

"சிரிக்கிறதுக்காங்க புள்ள பெத்தோம்? எங்க மாமியா நாப்பது வருசம் சிரிக்கல. அது வளத்த அஞ்சும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணத்தான் நா கட்டிக்கிட்டேன்."

சேர் அதை எழுதவில்லை. ஆதாரமாகச் செல்லாது என்றார்.

மறுநாள் கிளினிக்கில் வைத்தியர் செல்வியின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்து, இது நோயின் அறிகுறி அல்ல, மருந்தால் வரும் இறுக்கம் (சில மனநோய் மருந்துகளால் முகமும் கைகால்களும் விறைத்து மெதுவாவது) என்று எழுதிக் கொடுத்தார். தானாக மருந்தை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றத் தொடங்கினார். வார்டைப் பற்றி யாரும் பேசவில்லை. செல்வி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சை விட்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நன்னடத்தை அலுவலர் முன்னால் இரண்டு அறிக்கைகள் இருந்தன. இரண்டும் என்னுடையவை, இரண்டு வார இடைவெளி, ஒன்று மற்றதை மறுத்தது. அவர் நல்ல தமிழ் பேசும் சிங்கள அம்மா. எதை நம்புவது என்று கேட்டார். முதலாவது நாற்பது நிமிடத்தில் எழுதியது, இரண்டாவதை எழுத ஒரு முழுப் பகலும், ஒரு வைத்தியரும், என்னோடு ஒத்துப்போகாத ஒரு மேலதிகாரியும் தேவைப்பட்டார்கள் என்றேன். சொல்லிக்கொண்டே நான்கு தடவை கண்ணடித்தேன். விளையாடுகிறீர்களா மிஸ் என்று அவர் மென்மையாகக் கேட்டார். சேர் என் மருத்துவச் சான்றிதழை மேசையில் வைத்து நகர்த்தினார்.

சேர் தன் கருத்தையும் சொன்னார். ஆபத்தே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது, ஆனால் பிரிப்பதற்குப் போதிய காரணம் இல்லை என்றார். அந்த இடத்தில் நான் 'ஆபத்து இல்லை' என்றே சொல்லியிருப்பேன். அவர் வாக்கியம் நல்லது.

பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்று முடிவானது. வாரம் ஒருமுறை நாங்கள் போகவேண்டும், கிளினிக் தவறக்கூடாது, மூன்று மாதத்தில் மீளாய்வு. செல்விக்குச் சொன்னபோது அவள் பவித்ராவின் உள்ளங்காலைப் பிடித்து, விடாமல் வைத்திருந்தாள்.

என் முகம் நான்காவது வாரம் திரும்பத் தொடங்கியது. வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு கணம் உள்ளே தங்கியது. கணவர் நெகட்டிவ் பார்க்கும் லென்ஸைக் கொண்டுவந்து உதட்டோரத்தை ஆராய்ந்து, அசைகிறது என்று உறுதிப்படுத்தினார். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான் வளரும் என்று உடற்பயிற்சி சொல்லித்தந்தவர் சொன்னார். தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து 'ஆ, ஈ, ஊ' சொல்லவேண்டும், மெதுவாக, அழுத்தம் கொடுக்காமல். முதன்முதலில் முழுதாக வந்த 'ப'வை வீணாக்கக் கூடாது என்று அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "பரமேஸ்வரன் சேர்" என்றேன். யார் பேசுவது என்று கேட்டார்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரைகள் இல்லை. உடனே வைத்தியரிடம் போங்கள். கண்ணைக் காப்பாற்றுங்கள், முகம் காத்திருக்கும், கண் காத்திருக்காது. முகத்தில் தடவச் சொல்லி எண்ணெய் கொடுப்பவர்களிடம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள், அதோடு குடியிருக்கவும் வேண்டாம்.

முழுதாகத் திரும்பியதா என்று கேட்டால், கிட்டத்தட்ட. சாப்பிடும்போது இடது கண் தானாகச் சுருங்குகிறது (வளர்ந்த நரம்பு இழைகள் சில தவறான தசையில் போய்ச் சேர்வதால் வருவது). பனி இறங்கும் நாட்களில் அந்தப் பக்கம் கன்னம் தாமதமாக எழுந்திருக்கிறது. முன்பு என் முகம் நான்தான் என்று இருந்தேன். இப்போது அது என்னோடு வேலை செய்யும் ஒருவர். பெரும்பாலும் நேரத்துக்கு வருவார்.

என் வேலையும் மெதுவாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போகாமல் ஒரு வசனம் எழுத முடியவில்லை. கோப்புகள் தேங்குகின்றன. சேர் கோபித்துக்கொள்கிறார், அவரும் முன்புபோல வேகமாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

போன வாரம் லிந்துலைப் பக்கம் ஒரு லயத்துக்குப் போனேன். மனைவி இறந்ததிலிருந்து யாரோடும் பேசாத ஐம்பது வயது மனிதர். என் பெயரைச் சொன்னேன். பதில் இல்லை. உட்காரலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தில் மழை தொடங்கி, பலத்து, ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. படிவத்தை நான் பையிலிருந்து எடுக்கவேயில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. குளிரில் என் இடது கன்னம் மெல்ல விறைத்தது. விறைக்கட்டும் என்று இருந்தேன்.

கடைசியில் அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இன்னும் போகலையா?"

"அவசரம் இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கதவ சாத்திட்டு உக்காருங்க. காத்து வருது."